அறுபத்தோராவது குழந்தை

நாவலுக்கு விமர்சனம் எழுதுவோம், கவிதைத் தொகுப்புக்கு எழுதுவோம். நான் இங்கே எழுதுவது ஓர் அட்டவணைக்கு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அட்டவணை அது. சில பக்கம்கூடத் தேறாது. ஆனால் ஒரு கிராமத்துக் குழந்தை எத்தனை சுவர்களுக்குள், எத்தனை பேரோடு நெருக்கியடித்து உட்கார வேண்டும் என்பதை நம் காலத்தில் இந்த அளவுக்குத் தீர்மானித்த பிரதி வேறு இல்லை. அதிகம் பேர் வாசிக்காத பிரதியும்கூட. கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார்ப்போம்.

கட்டிடம் பற்றிய பகுதி இது. எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டிடம், குறைந்தது ஆசிரியருக்கு ஒன்று என்ற கணக்கில் வகுப்பறை, தடையில்லாமல் வந்துபோக வழி, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், மதிய உணவு சமைக்க அடுப்படி, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி. அப்புறம் அலுவலகமும் சாமான் அறையும் தலைமையாசிரியர் அறையும் ஒன்றாகச் சேர்ந்த ஓர் அறை. இந்த மூன்றும் ஒன்றான அறையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஹெட்மாஸ்டர் நாற்காலிக்குப் பின்னால் அரிசி மூட்டை, கால் உடைந்த பெஞ்சு, வருஷம் ஒரு தரம் வெளியே வரும் குளோப். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிரிக்க முடியாத இடம் ‘ஆசிரியருக்கு ஒன்று’ என்பது. வகுப்புக்கு ஒன்று என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. சரி, ஆசிரியர் எத்தனை பேர்? அதுவும் அதே அட்டவணையில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரையிலான பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர், 61 முதல் 90 வரை மூன்று பேர், 120 வரை நான்கு பேர், 200 வரை ஐந்து பேர். இரண்டு வரிகளையும் சேர்த்து வாசியுங்கள். ஐந்து வகுப்பு, அறுபது பிள்ளைகள், இரண்டு அறை. குறைந்தது என்றுதானே சொல்லியிருக்கிறது என்று கேட்கலாம். நம் ஊரில் குறைந்தபட்சம் என்ற சொல் நிதி ஒதுக்கும் மேசையைத் தொட்டதும் அதிகபட்சம் ஆகிவிடும்.

இந்த வரியைத் தூக்கிக்கொண்டு சேர்வராயன் மலை ஏறிப் பாருங்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. மேலே ஏரி, படகு, காப்பித் தோட்டம், சுற்றுலாப் பயணிகள். அங்கிருந்து நாகலூர், மாரமங்கலம், கொட்டச்சேடு என்று உள்ளே போனால் மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள். (கேரளத்து மலையாளி இல்லை. இவர்கள் பேசுவது தமிழ். ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.) இப்படி ஒரு மலைக் கிராமத்தில் எண்பது வீடு என்று வைத்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளி வயதில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அதிகம். அந்த ஊர் என்ன வளர்ந்தாலும் அறுபதைத் தாண்டப் பல வருஷம் ஆகும். அதுவரை இரண்டு அறை. ஒன்றாம் வகுப்பு ‘அ, ஆ’ சொல்லும்போது அதே அறையில் மூன்றாம் வகுப்பு பெருக்கல் போடும்.

அறுபத்தோராவது குழந்தை வந்துவிட்டது என்றே வையுங்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளை எண்ணி ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிப்பது தமிழ்நாட்டு வழக்கம். எண்ணிய பிறகு பணியிடம், பணியிடத்துக்குப் பிறகு ஆள், ஆளுக்குப் பிறகு அறைக்கான கருத்துரு, மதிப்பீடு, ஒப்பந்தம். ஜல்லியும் சிமெண்டும் மலை ஏற வேண்டும். இதற்குள் அந்தக் குழந்தை நாலாம் வகுப்புக்குப் போயிருக்கும், அல்லது கீழே சேலத்தில் சித்தப்பா வீட்டுக்கு. அது போனால் எண்ணிக்கை மறுபடி அறுபது. இப்போது ஓர் ஆசிரியர் ‘உபரி’. அட்டவணையின் இலக்கணத்தில் குழந்தை எழுவாய், ஆசிரியர் செயப்படுபொருள், அறை முற்றுப்புள்ளி. கடைசியில்தான் வரும்.

தூரத்துக்கும் ஓர் எண் இருக்கிறது. தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலை மூன்று கிலோமீட்டருக்குள். மலைக்குத் தளர்வும் உண்டு. தளர்வு என்றால் நடைமுறையில் இன்னும் தள்ளிப் போகலாம் என்று அர்த்தம். சமவெளியில் ஒரு கிலோமீட்டர் என்பது கால்மணி நேரம். மலையில் அது போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம், நடுவில் ஓடை. மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் போகும் அண்ணன் தெரியமாட்டான். இதையெல்லாம் கிலோமீட்டரில் எப்படி எழுதுவது? நிமிஷத்தில் எழுதலாம். ஆறு வயசுக் காலுக்கு எத்தனை நிமிஷம் என்று கேட்டிருந்தால், பள்ளியை எங்கே கட்டுவது என்ற வரைபடமே வேறு மாதிரி வந்திருக்கும்.

நடக்க முடியாத தூரத்துக்கு அரசு வைத்திருக்கும் பதில் உண்டு உறைவிடப் பள்ளி. பழங்குடியினர் நலத்துறை நடத்துவது. இல்லையென்றால் பல பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றிருப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பகலில் வகுப்பறையாக இருப்பதே இரவில் பாய் விரிக்கும் அறையாகவும் இருக்கிறது என்ற செய்தி தமிழகத்து மலைகளிலிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. அறையை ஆசிரியர் தலையை எண்ணிக் கணக்கிட்டால் அப்படித்தான் ஆகும். ராத்திரி ஆசிரியர் பாடம் எடுப்பதில்லையே!

உறைவிடப் பள்ளியை எப்படித் திட்டமிடுவது என்று ஏற்காட்டுக்கு வெளியூர் ஆள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் மான்ட்ஃபோர்ட். சசி தரூரும் நடிகர் விக்ரமும் படித்த மலை இது. தூங்க, சாப்பிட, விளையாட, காய்ச்சல் வந்தால் படுக்க என்று ஒரு பிள்ளையின் இருபத்துநாலு மணி நேரத்தையும் யோசித்தால்தான் விடுதிப் பள்ளி நடத்த முடியும். கட்டணம் வாங்குகிறார்கள், யோசிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அப்படி நகர முடியவில்லை. ஒரே மழை, ஒரே பனி. ஒரு பிள்ளைக்கு நாள் முழுக்கக் கணக்கில் வருகிறது, இன்னொரு பிள்ளைக்கு ஒன்பதரை முதல் நாலரை வரைதான்.

இந்த இடத்தில் நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே வருகிறது, பிள்ளை இல்லாத அறைகளைக் கட்டி வைக்கவா? அதோடு, வகுப்புகளைக் கலந்து உட்காரவைப்பது நல்ல கல்விமுறைதானே? 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அட்டை, ஏணிப்படி, தரையில் பாய், சுவரோரம் உங்கள் உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் தொங்கும் நீங்கள் வரைந்த படம். எனக்கு அந்த முறை மேல் மரியாதை உண்டு. அதனால்தான் சொல்கிறேன், வட்டமாக உட்கார்ந்து குழுக்குழுவாகப் படிப்பதற்குப் பெஞ்சு வரிசையைவிட அதிக இடம் வேண்டும். இந்த அட்டவணையில் ஆண்டுக்கு எத்தனை வேலைநாள் (200), எத்தனை மணி நேரம் பாடம் (800), ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் (45) என்று எல்லாவற்றுக்கும் எண் இருக்கிறது. வகுப்பறை எத்தனை சதுர அடி என்பதற்கு இல்லை.

காலி அறை பயத்துக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பதில் கிடைக்கிறது. புர்கினா ஃபாசோவில் கான்டோ என்ற கிராமம். அங்கே பிறந்த ஃபிரான்சிஸ் கெரே 2001இல் ஊர்க்காரர்களோடு சேர்ந்து களிமண் கல்லில் ஒரு தொடக்கப்பள்ளி கட்டினார். மூன்றே வகுப்பறை. கட்டியதும் பிள்ளைகள் வந்தார்கள், இடம் போதாமல் சில வருஷத்திலேயே விரிவாக்க வேண்டிவந்தது. 2022இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது வேறு கதை. அறை முதலில், பிள்ளை அப்புறம். நமக்கும் இது புதுசில்லை. 1958 வாக்கில் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தியபோது நிலமும் கட்டிடமும் பெஞ்சும் ஊர்க்காரர்களே கொடுத்தார்கள். பிற்பாடு அதே ஈகை ‘பங்குத்தொகை’ ஆகிவிட்டது. உயர்நிலைக்குத் தரம் உயர்த்த ஒரு லட்சம், மேல்நிலைக்கு இரண்டு லட்சம் கட்டு என்று ஊரைக் கேட்டார்கள். காப்பிப் பழம் பறித்துக் கூலி வாங்கும் ஊர் இரண்டு லட்சத்துக்கு எங்கே போகும்?

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டிடங்களைக் கண்டுபிடித்து இடித்தார்கள். இடிக்கத்தான் வேண்டும். 2022-23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுக்கு 7,000 கோடி ரூபாய் என்று திட்டம் அறிவித்தார்கள். நல்ல தொகை. இடித்த இரண்டு அறைக்கு இரண்டு அறை என்று திருப்பிக் கட்டுவதா, ஐந்து வகுப்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக் கட்டுவதா? மாரமங்கலத்துக்கும் மாதவரத்துக்கும் ஒரே வரைபடமா? தகரக் கூரையில் மழை விழும்போது ஆசிரியர் குரல் கேட்குமா? ‘எல்லாப் பருவத்துக்கும்’ என்று எழுதியவர் ஒரு ஜூலை மாதம் ஏற்காட்டில் இருந்து பார்த்திருக்கலாம்.