விருந்தாளிக்கு யார் புள்ளியிடுவது?

பயண இலக்கியம் என்ற பெயரில் எழுதப்படுபவற்றுள் நேபாளம் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. எழுத்தாளர் காத்மண்டுவில் இறங்குவார். போக்கராவுக்கு பஸ் ஏறுவார். மலைப்பாதையில் நடந்து களைத்த ஒரு மாலைப்பொழுதில், முன்பின் அறியாத குடும்பமொன்று அவரைத் தன் வீட்டுக்கு அழைக்கும். பாய் விரிப்பார்கள், தேநீர் வரும், பின்னர் சோறும் பருப்பும் கீரையும் வரும். போதும் என்று கையால் மறித்த பிறகும் தட்டில் இன்னுமோர் அகப்பை சோறு விழும். மறுநாள் விடைபெறும்போது எழுத்தாளரின் கண் கலங்கும். ஏழைகளுக்குத்தான் எவ்வளவு பெரிய மனம் என்ற வியப்போடு கட்டுரை முடியும்.

இந்த உபசாரம் பொய்யென்று சொல்வது என் நோக்கமன்று. அது உண்மையானதுதான். என் வினா எழுத்தைப் பற்றியது. இத்தகைய கட்டுரைகளில் பரீட்சைக்கு உட்படுபவர் எப்போதும் வீட்டுக்காரர், புள்ளியிடுபவர் விருந்தாளி. வீட்டுக்காரர் நூற்றுக்கு நூறு பெற்றுவிடுகிறார் என்பதற்காக இந்த ஏற்பாடு நியாயமாகிவிடாது. மாணவரின் கட்டுரைகளைத் திருத்துவதே தொழிலாகக் கொண்டவன் நான். 'மறக்க முடியாத விருந்து' என்று தலைப்புக் கொடுத்தால் என்னென்ன பரிமாறினார்கள் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள். தண்ணீர் சுமந்தவர் யார், கடைசியாக உண்டவர் யார் என்று எழுதும் பிள்ளை அபூர்வம். பிள்ளைகளுக்கு வயது போதாது. வளர்ந்த எழுத்தாளர்களுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்க முடியாது.

நேபாள மலைக் கிராமத்து வீட்டின் முகப்பில் மண்ணால் மெழுகிய ஒரு திண்ணை உண்டு. அதைப் 'பிடி' என்பார்கள். வருபவரை முதலில் அமரச் செய்வது அங்கேதான். பழைய வழக்கம் பேணும் பிராமண, சேத்ரி வீடுகளில் திண்ணை எல்லோருக்கும் கிட்டலாம், அடுப்படி கிட்டாது. அடுப்புத்தான் வீட்டின் தூய்மைக்கு எல்லை. எச்சிற்கையால் பொதுப் பாத்திரத்தைத் தொடக்கூடாது. அதற்கு 'ஜூட்டோ' என்று பெயர். விருந்தாளியும் ஆண்களும் உண்ட பின்னரே வீட்டுப் பெண்ணின் தட்டில் சோறு விழும். மேற்சொன்ன கட்டுரைகளில் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு மட்டுமே இருக்கும், பெயர் இராது.

இவ்வெல்லைகள் வெறும் வழக்கமாக மட்டும் இருந்தவையல்ல. ஜங் பகதூர் ராணாவின் ஆட்சியில் 1854ஆம் ஆண்டு இயற்றப்பட்ட 'முலுகி ஐன்' என்ற சட்டம், யார் கையால் யார் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பதைக்கூட வரையறுத்தது. நம் வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இதிலுண்டு. முஸ்லிம்களையும் ஐரோப்பியரையும் அச்சட்டம் ஒரே படியில் வைத்தது: அவர்கள் கையால் தண்ணீர் வாங்கலாகாது, ஆனால், அவர்களைத் தொட்டுவிட்டதற்காகச் சுத்திகரிப்புத் தேவையில்லை. அவர்களுக்கும் கீழே, தொட்டாலே தீட்டு என்ற படியும் இருந்தது. 1963ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சாதி அடுக்கைக் கைவிட்டது. 2011இல் தீண்டாமையைத் தண்டிக்கும் தனிச்சட்டம் வந்தது. ஆக, நேபாளத்து வீடொன்றினுள் அழைக்கப்படுவது எளிய காரியமாக இருந்ததில்லை. வாசற்படிக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமல் எழுதப்படும் நன்றியுரை அரைகுறையானது.

நேபாள இலக்கியம் இந்த வரலாற்றை அறிந்திருக்கிறது. இரண்டு படைப்புகளை முன்வைத்து அதை விளக்கலாம்.

முதலாவது, லக்ஷ்மி பிரசாத் தேவ்கோட்டாவின் 'முனா-மதன்'. 1936இல் வெளிவந்த இந்தக் கதைப்பாடல், வடமொழி விருத்தங்களை விட்டு, 'ஜ்யாவுரே' என்ற நாட்டார் மெட்டில் அமைந்தது. காத்மண்டுவைச் சேர்ந்த மதன், மனைவி முனாவையும் முதிய தாயையும் விட்டுப் பொருள் தேட லாசாவுக்குப் போகிறான். திரும்பும் வழியில் நோயில் விழுகிறான். கூட வந்தவர்கள் அவனைக் கைவிட்டுப் போய்விடுகிறார்கள். சாதி அடுக்கில் தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு போட்டே, அதாவது திபெத்திய இனத்தவன், அவனைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பராமரித்து உயிர்ப்பிக்கிறான். மதன் நீட்டும் பொன்னை அவன் ஏற்கவில்லை. உயர்சாதிச் சேத்ரி மகனான மதன் அவன் காலைத் தொடுகிறான். மனிதனை உயர்த்துவது சாதியல்ல, உள்ளம் என்ற கருத்து அவ்விடத்தில் பிறக்கிறது. முலுகி ஐன் நடைமுறையில் இருந்த ராணாக்களின் காலத்தில் இதை எழுதினார் என்பதை மறக்கலாகாது. இங்கே மாறுபவன் விருந்தாளி. உபசரித்தவனுக்குச் சான்றிதழ் வழங்கிவிட்டு அவன் நகர்ந்துவிடவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து கீழே இறங்குகிறான்.

தேவ்கோட்டா அத்தோடு நிறுத்தவுமில்லை. மதன் அந்நியன் வீட்டில் பிழைத்துக் கிடந்த காலத்தில் அவனுடைய சொந்த வீடு சிதைகிறது. அவன் இறந்துவிட்டான் என்ற பொய்ச் செய்தி முனாவைக் கொல்கிறது. ஒரு வீட்டில் கிடைத்த அன்பு இன்னொரு வீட்டின் இழப்பை ஈடுசெய்யவில்லை. பயணிக்குப் பின்னால் காத்திருப்போர் உண்டு என்ற நினைவு நமது பயணக் கட்டுரைகளில் எத்தனையில் இருக்கிறது?

இரண்டாவது, பாரிஜாத் 1965இல் எழுதிய 'சிரீஷ்கோ பூல்' நாவல். நேபாளத்தின் உயர் இலக்கிய விருதான மதன் புரஸ்காரை வென்ற முதற் பெண் எழுத்தாளர் அவர். இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் போரிட்ட சுயோக் என்ற முன்னாள் கூர்க்கா சிப்பாய், மதுக்கடையில் பழக்கமான சிவராஜின் வீட்டுக்கு வந்துபோகத் தொடங்குகிறான். அங்கே மூன்று சகோதரிகள். நடுவில் உள்ள சகம்பரி, கூந்தலைக் கட்டையாக வெட்டிக்கொண்டவள், புகைபிடிப்பவள், எவருக்கும் பணியாதவள். போர்க்காலத்தில் பர்மியப் பெண்களிடம் தான் நடந்துகொண்ட விதம் சுயோக்கின் நினைவில் அரித்துக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் சகம்பரியின் சம்மதமின்றி அவளை முத்தமிடுகிறான். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. நோயுற்று இறந்துபோகிறாள்.

இந்நாவலைச் சொல்பவன் சுயோக்கே. 'நான்' என்று சொல்லும் விருந்தாளியின் குரல்தான் பயணக் கட்டுரையின் குரலும். ஆனால், பாரிஜாத்தின் கையில் அந்த 'நான்' புள்ளியிடும் உரிமையை இழந்து, குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. திறந்த கதவு வீட்டிலுள்ள பெண்ணுக்கு ஆபத்தாகவும் முடியலாம் என்பதை ஒரு பெண் படைப்பாளியே சொல்ல வேண்டியிருந்தது. உபசாரத்தைப் புகழ்ந்து எழுதிக் குவித்த ஆண்களுக்கு இது தோன்றவில்லை என்பது தற்செயலாக இருக்க முடியாது.

இன்றைய நிலையையும் நோக்க வேண்டும். 1997இல் ஸ்யாங்ஜா மாவட்டத்தின் சிருபாரி என்ற குருங் கிராமம், உல்லாசப் பயணிகளைத் தன் வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கியது. 2010இல் இதற்கென அரசாங்கம் ஒழுங்குவிதிகளை வகுத்தது. இப்போது 'ஹோம்ஸ்டே' பலகை பல மலைக் கிராமங்களில் தொங்குகிறது. உபசாரம் விலைக்கு வந்துவிட்டதே என்று சிலர் புலம்புவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விறகு சுமந்து, தண்ணீர் எடுத்து, சமைத்துப் பரிமாறும் பெண்ணின் உழைப்புக்கு முதன்முறையாக ஒரு கணக்கு எழுதப்படுகிறது. இலவசமாகக் கிடைத்தபோது மட்டும் அதை அன்பு என்று கொண்டாடியவர்கள், காசு கேட்கும்போது முகம் சுளிப்பது எந்த வகை ரசனை?

உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. வாடகைக்கு அறை தேடிய தலித் ஊடகவியலாளர் ஒருவருக்குச் சாதியின் பேரால் அது மறுக்கப்பட்டதாக எழுந்த முறைப்பாடு, 2021இல் காத்மண்டுவில் பெரும் விவாதமாயிற்று. கடல் கடந்து வருபவனுக்குப் பாய் விரிக்கும் அதே நாட்டில், அயல் மாவட்டத்திலிருந்து வரும் ஒருவர் வாசலில் நிறுத்தப்படுகிறார். நேபாளம் முழுவதையும் இதைக்கொண்டு எடைபோடுவது அநீதி. ஆயினும், தன்னை வரவேற்ற வீட்டைப் பற்றி எழுதுபவர், இந்தப் படியில் ஏற முடியாதவர் யார் என்று ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகும் நன்றி சொல்லலாம். அப்போது அந்த நன்றிக்குக் கனம் இருக்கும்.

நேபாளம் போய்வந்து எழுத நினைக்கும் நம்மவர்கள், பயண வழிகாட்டி நூல்களோடு இவ்விரு படைப்புகளையும் வாசித்துவிட்டுப் போகட்டும். இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. 'முனா-மதன்' மைக்கல் ஹட்டின் மொழிபெயர்ப்பிலும் ஆய்விலும் 1996இல் வந்தது. திரும்பி வந்து எழுதும்போது, தாம் உண்டதை ஒரு பந்தியில் முடித்துக்கொண்டு, பரிமாறிய பெண்ணின் பெயரை அவள் விரும்பினால் கேட்டு எழுதட்டும். அவளுக்கு மட்டும் அடுத்த நாள் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் எழுதட்டும்.