பதில் பெறாத வினா: அம்பையின் சிறுகதையொன்று குறித்து

உலா இலக்கியம் பெண்ணின் வாழ்வைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவங்களாக வகுத்துப் பாடிற்று. ஆயின், அப்பருவங்கள் யாவும் வீதியிலே பவனிவரும் தலைவனை நோக்கி நிற்கும் பெண்களின் தோற்றத்தையும் காதலையும் காட்டுவன. பெதும்பை மங்கையாகும்போது தன் உடலில் நிகழும் மாற்றத்தை அவள் எவ்வாறு விளங்கிக்கொண்டாள் என்னும் வினா அங்கு எழவில்லை. அவ்வினாவைச் சிறுமி ஒருத்தியின் குரலிலேயே எழுப்பியமை அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' என்னும் சிறுகதையின் சாதனை எனலாம். 'சிறகுகள் முறியும்' (1976) தொகுதியில் இடம்பெற்ற இக்கதை இன்றும் மீள்வாசிப்புக்குரியது.

கதைசொல்லியான சிறுமி, பருவம் என்றால் என்னவென்று ஒருநாள் தாயிடம் கேட்கிறாள். தாய் விடை கூறவில்லை; மகள் ஓடியாடித் திரியும் சிறுமியாகவே இருக்கவேண்டும் என்று விரும்புகிறாள். பின்னர், உறவுப் பெண்ணொருத்தியின் திருமணப் பேச்சுக்காகத் தாய் வெளியூர் சென்றிருக்கையில் சிறுமி பூப்படைகிறாள். சுற்றியுள்ள பெண்கள் இனி எவ்வாறு உடுத்தவேண்டும், எவ்வாறு நடக்கவேண்டும் என்கின்றனர்; நிகழ்ந்தது யாதென எவரும் விளக்கவில்லை. அம்மா வந்து விளக்குவாள் என அவள் காத்திருக்கிறாள். உறவுப் பெண் கறுப்பு என நிராகரிக்கப்பட்ட கசப்புடன் திரும்பும் தாயோ, கறுத்த நிறமுடைய தன் மகளும் இனி ஒரு பாரமே என்னும் கருத்துப்படப் பேசிவிடுகிறாள்.

இவ்விறுதிச் சொல்லையே கொலையாகக் கொள்வது இயல்பான வாசிப்பு. எனினும் தலைப்பிலுள்ள தீர்ப்பு மகளுடையது என்பதை நாம் மறத்தலாகாது. நிறத்தையும் சீரையும் எடைபோடும் திருமணச் சந்தையே அத்தாயின் வாயிலாகப் பேசுகிறது. மேலும், அக்கடுஞ்சொல்லுக்கு முந்தைய கனிவான மௌனமே எனக்கு அதிக கலக்கத்தைத் தருகிறது. மகளின் குழந்தைமையைக் காக்கவே தாய் மௌனம் சாதித்தாள். அம்மௌனமே அச்சத்தின் வேளையில் அவளைத் தனியளாக்கிற்று. அன்பினால் விளையும் இத்தீங்கைக் கதை காட்டியும், தலைப்பு அதனை இறுதிக் கணத்துள் ஒடுக்கிவிடுகிறது. இதனை இக்கதையின் குறைபாடாகவே கருதுகிறேன்.

கதையின் குடும்பம் தமிழகத்து இந்துக் குடும்பம். கண்டிக்கு அண்மையிலுள்ள மடவளையில், முஸ்லிம் குடும்பமொன்றில் வளர்ந்த எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. எங்களூரில் 'பெரியபிள்ளையானாள்' என்பர். மத்ரஸாவிலே ஹைளுடைய நாட்களில் தொழுகையும் நோன்பும் இல்லை என்பதையும், குளிப்புக் கடமையாவதையும் தெளிவாகக் கற்றோம். பாடசாலையிலோ சுகாதாரப் பாடத்தின் அப்பக்கங்களை வீட்டிற் படித்துக்கொள்ளுமாறு கூறப்பட்டது. விதிகளை அறிந்தோம், உடலை அறியவில்லை. இது ஓர் ஊரின் நிலை மாத்திரமன்று. இலங்கையின் வளரிளம் பெண்களில் 66 சதவீதமானோர் முதல் மாதவிடாய் வரும்வரை அதுபற்றி அறிந்திருக்கவில்லை என 2015ஆம் ஆண்டு யுனிசெஃப் ஆய்வு கூறிற்று. கதை நூலாகி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அச்சிறுமியின் வினா விடையின்றியே நின்றது.

இலக்கியம் விடையளிக்கும் பாடநூலன்று. ஆயினும் கேட்கத் தயங்கியதைக் கேட்கும் துணிவை அது தரவல்லது. இக்கதையைப் படித்த பின்னரே, ஏன் முன்னரே எனக்குச் சொல்லவில்லை என உம்மாவிடம் கேட்டேன். தனக்கும் எவரும் சொல்லவில்லை என்றார். சற்று நேரத்தின் பின், பதினொரு வயதுத் தங்கைக்கு நீயே சொல்லிக்கொடு என்றார். நாம் இருவருமாகச் சொல்வோம் என்றேன்.