நரி பரியான நிலம்: தமிழ்ச் சிறுவர் மாயக்கதையில் களத்தின் வேலை

சில ஆண்டுகளாகச் சிறுவர் இலக்கியம் பற்றிய பேச்சுகளில் ஒரு கருத்து முடிந்த முடிவாகவே உலவுகிறது. தமிழில் சிறுவர் மாயக்கதை வளராமல் போனதற்கு நமக்கு உலகம் கட்டத் தெரியாததே காரணம் என்கிறார்கள். மேலை நாட்டார் தனி வரைபடம், தனி வரலாறு, தனி மொழி என்று ஒரு முழு உலகைச் சமைத்துவிட்டுத்தான் கதைக்குள் இறங்குகிறார்களாம். நம் கதைகளோ காடு, குகை, கோட்டை, பாதாளம் என்று ஓரிடத்திலும் தங்காமல் ஓடுகின்றன. அந்த ஓட்டம் முதிர்ச்சியின்மை என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். இதை நம்பிக் கதைக்கு முன்பே வரைபடம் வரைய உட்காரும் இளம் எழுத்தாளர்களும் உண்டு.

இந்தக் கருத்து தவறானது. அதன் தவறைக் காட்ட லண்டன் வரை போக வேண்டியதில்லை. அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே இருக்கும் ஆவுடையார்கோவில் போதும்.

பழைய திருப்பெருந்துறைதான் இன்றைய ஆவுடையார்கோவில். திருவிளையாடல் புராணத்தின் 64 படலங்களில் அடுத்தடுத்து வரும் நான்கு, இந்த ஊருக்கும் மதுரைக்கும் இடையே நடப்பவை. குதிரை வாங்கப் பாண்டிய அரசன் கொடுத்த பொன்னோடு அவன் அமைச்சர் வாதவூரர், அதாவது மாணிக்கவாசகர், புறப்படுகிறார். மதுரையில் அது அரசனின் பொன். பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டபின் அதே பொன் கோயிலாகிறது. காட்டில் நரியாகத் திரிந்தது மதுரை வீதியில் பரியாக வந்து நிற்கிறது. நள்ளிரவில் லாயத்துக்குள் மறுபடியும் நரியாகி, அங்கிருந்த பழைய குதிரைகளையும் குதறுகிறது. பிறகு வைகை பெருகுகிறது. பிட்டுக்கு மண் சுமக்கக் கூலியாளாக வந்த சிவனின் முதுகில் விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் ஊரார் முதுகிலும் விழுகிறது. அரண்மனை, மரத்தடி, வீதி, லாயம், ஆற்றங்கரை என ஐந்து களங்கள். ஒவ்வொன்றிலும் இயற்கையின் சட்டம் வேறு. இடம் மாறும்போது விதியும் மாறுவதால்தான் கதை நகர்கிறது.

இது பக்திக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பக்கத்துக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த மாயக்கதை இது. அந்தக் குதிரைகளைக் கோயிலின் கற்சிற்பங்களில் கண்ணாலும் காண்கிறார்கள். கதையின் அடியில் உறுதியான நிலமும் இருக்கிறது. பாண்டிய நாட்டுக் கடற்கரைக்குக் கடல்வழியே குதிரைகள் வந்து இறங்கியதும், அவற்றுக்குப் பெரும்பொருள் செலவானதும் வரலாறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் அதைக் குறிக்கிறார். குதிரை இறங்கும் கரை இருந்ததால்தான் நரி பரியாகும் கற்பனைக்குக் கால் ஊன்ற இடம் கிடைத்தது.

நாட்டார் கதைகளும் இதே வழியில் வந்தவைதான். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள் ஒளித்து வைத்த அரக்கன் உயிரில் தூரமே காவல். விக்கிரமாதித்தன் கதை இன்னும் நுட்பமானது. காடாறு மாதம், நாடாறு மாதம் என்ற ஏற்பாட்டில் களமாற்றமே ஆட்சிமுறையாகிவிட்டது. நாட்டில் நீதி சொல்பவன், காட்டில் வேதாளத்தின் கேள்விக்கு விடை சொல்லக் கட்டுப்பட்டவனாகிறான்.

1947 ஜூலையில் அம்புலிமாமா வந்தது. நாகி ரெட்டி, சக்ரபாணி இருவரின் முயற்சியில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அந்த இதழ் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு வாசிக்கும் பழக்கத்தைக் கொடுத்தது. அந்த நன்றி அதற்கு எப்போதும் உரியது. சித்ராவும் சங்கரும் வரைந்த கோட்டைகளும் குகைகளும் கண்ணை விட்டு அகலாதவை. ஆனால் அங்கேதான் ஒரு சரிவும் தொடங்கியது. அந்தக் கோட்டைகளுக்கு முகவரி கிடையாது. பல மொழிகளில் ஒரே நேரத்தில் வர வேண்டிய கதைக்கு எந்த ஊர் மண்ணும் ஒட்டக்கூடாது என்பது இதழின் தேவை. அந்தத் தேவையைப் பின்னால் வந்தவர்கள் இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஊர் மண்ணை விடாத மறுபக்கத்தைக் காட்டப் புதுக்கோட்டையைப் பற்றிப் பேசியாக வேண்டும். 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்த இந்த மண் தமிழ்ச் சிறுவர் எழுத்துக்குக் கொடுத்தது மிக அதிகம். 1922-இல் இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா வங்கி வேலைக்கு நடுவே பாடல்களாலும் இதழ்களாலும் ஒரு தலைமுறையை வளர்த்தார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கினார். ‘நமது நதிகள்’ என்ற அவரது நூலை வெறும் தகவல் நூல் என்று தள்ளிவிடுகிறார்கள். குழந்தையின் கற்பனை ஓடுவதற்கு ஒரு பாதை வேண்டும், அந்தப் பாதை சொந்த நிலத்தில் இருக்கிறது என்ற தெளிவு அதில் இருக்கிறது.

பக்கத்து அரிமழத்தில் 1925-இல் பிறந்தவர் வி. கிருஷ்ணமூர்த்தி. வாண்டுமாமா என்றால்தான் தெரியும். ‘கோகுலம்’, ‘பூந்தளிர்’ இதழ்களின் வழியாகவும் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களின் வழியாகவும் அவர் செய்த வேலைக்கு ஈடான ஆய்வு தமிழில் இன்னும் எழுதப்படவில்லை. ஓவியர் செல்லத்தோடு சேர்ந்து அவர் படைத்த ‘ஓநாய்க் கோட்டை’, ‘காட்டுச் சிறுவன் கந்தன்’, ‘கழுகு மனிதன் ஜடாயு’ ஆகிய சித்திரக்கதைகள் களத்தைத் தலைப்பிலேயே வைத்தவை, அல்லது களத்துக்குரிய உயிரைத் தலைப்பில் வைத்தவை. சித்திரக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே இடம் மாறிவிடலாம். அந்த வேகத்தைக் குழந்தை மூச்சுவாங்காமல் பின்தொடரும்படி கதையை அடுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. ‘பலே பாலுவும் பறக்கும் டிராயரும்’ இன்னொரு துணிவு. மாயத்தைத் தேடி எங்கும் போகாமல், ஒரு சாதாரணப் பையனின் கால்சட்டையில் அதை இறக்கிவிட்டார். தெருவே மாயக்களமானது. அவர் 2014-இல் மறைந்தார். புகழுரைகள் வந்தன, முழுமையான தொகுப்பு ஒன்றும் வரவில்லை என்பது நம் எல்லோருக்கும் அவமானம்.

இவர்களோடு வைத்துப் பேச வேண்டிய மூன்றாமவர் பெ. தூரன். இந்தத் துறையில் மிகவும் அநியாயமாக மறக்கப்பட்டவர் அவர்தான். கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் என்றும் கீர்த்தனை எழுதியவர் என்றும் மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். ‘கொல்லிமலைக் குள்ளன்’, ‘தரங்கம்பாடித் தங்கப் புதையல்’ என்ற தலைப்புகளை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெயரே தெரியாத நாடுகளில் இளவரசர்கள் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், பேருந்தில் போய் இறங்கக்கூடிய ஊர்களின் பெயரைச் சாகசக் கதையின் நெற்றியில் எழுதியவர் அவர். கொல்லிமலை என்றதும் மூலிகையும் பாவையும் வளைந்தேறும் வழியும் தமிழ்க் குழந்தைக்குத் தானே நினைவில் எழுகின்றன. தரங்கம்பாடி என்றதும் டேனிஷ் கோட்டையும் கடலரிப்பும் வந்து நிற்கின்றன. பல நூறு ஆண்டுகளாக ஊரார் கட்டிவைத்த அந்த உலகத்தை எழுத்தாளர் எடுத்து ஆளத் தெரிந்தால் போதும். தூரனுக்குத் தெரிந்திருந்தது.

இந்த வழி ஏன் தொடரவில்லை? 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவிக்கு இருந்த ஈர்ப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை; அது பல சிறுவர்களை வாசகராக்கியது. ஆனால் சாகசம் என்றாலே அயல் நகரத்துத் தெரு என்ற பழக்கமும் அதோடு சேர்ந்து வேரூன்றியது. இன்னொரு பக்கம் மலிவான மாயாஜாலப் புத்தகங்கள் பெருகின. அவற்றில் குகையிலிருந்து பாதாளத்துக்கும் பாதாளத்திலிருந்து மேகத்துக்கும் நாயகன் தாவுவான். எங்கே போனாலும் அதே வாள், அதே மந்திரவாதி, அதே சண்டை. நாடகக் கொட்டகையில் படுதாவை மட்டும் மாற்றுவது போன்ற வேலை அது. மாயக்கதையின் மீது இன்று சொல்லப்படும் குற்றச்சாட்டு உண்மையில் இந்தச் சோம்பல் எழுத்துக்கு உரியது. அதை மரபு முழுவதன் தலையிலும் சுமத்துகிறார்கள்.

வரைபடக் கட்சியினர் தம் ஆதர்சங்களையும் சரியாகப் படித்தவர்களாகத் தெரியவில்லை. 1865-இல் வந்த ஆலிஸின் அற்புத உலகத்துக்கு என்ன வரைபடம் இருக்கிறது? முயல் வளைக்குள் ஒரு சட்டம், கண்ணீர்க் குளத்தில் ஒரு சட்டம், தேநீர் விருந்தில் இன்னொரு சட்டம். நரி பரியாகும் கதை நடக்கும் அதே வழிதான் அது.

இன்றைய எழுத்தில் நம்பிக்கை தருபவை இந்த வழியில் வந்தவையே. ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ இமயத்தின் உயரத்துக்குக் குழந்தையை ஏற்றுகிறது. ஏறஏற மனிதன் என்பவன் யார் என்ற கேள்வியும் கூர்மையாகிறது. சமவெளியில் வைத்திருந்தால் அந்தக் கதை வெறும் துப்பறிதலாகப் போயிருக்கும். யெஸ். பாலபாரதியின் ‘ஆமை காட்டிய அற்புத உலகம்’ கடலுக்கு அடியில் இறங்குகிறது. 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ இன்றைய கீழடியிலிருந்து பண்டைய கீழடிக்குப் போகிறது. இடம் அதேதான், காலம் மாறியதால் களம் மாறுகிறது. தமிழ் மாயக்கதை இனி போக வேண்டிய திசையை இந்த நூல் துலக்கமாகக் காட்டுகிறது என்பது என் முடிவு.

ஆவுடையார்கோவில் வட்டாரத்தைப் பாருங்கள். வெள்ளாறு, மழைக்கு நிரம்பி வெயிலுக்கு வெடிக்கும் கண்மாய்கள், கிழக்கே மணமேல்குடிக் கரை, கோயில் கூரையோரத்தில் கல்லைத் துணிபோல் மடித்த கொடுங்கைகள் எல்லாம் ஒரு குழந்தையின் சைக்கிள் எட்டும் தொலைவிலோ ஒரு பேருந்துப் பயணத்திலோ இருக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை கண்மாய் வேறு உலகமாகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது, தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் தூங்கப்போன பிள்ளைகள் வானம் மட்டும் மிஞ்சிய நிலத்தில் விழித்தார்கள். ஒரே இரவில் நிலத்தின் சட்டம் மாறியதை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேற்றுலகத்து வரைபடம் தேவையில்லை.

சிறுவர்களுக்கு எழுத வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். களத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றுங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் அங்கே என்ன சட்டம் மாறுகிறது என்று எழுதுங்கள். தொடங்கும் ஊருக்கு அதன் உண்மையான பெயரை வையுங்கள். பதிப்பாளர்களே, தூரனின் சிறுவர் நாவல்களையும் வாண்டுமாமாவின் சித்திரக்கதைகளையும் நல்ல தாளில், மூல ஓவியங்களோடு, பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் மறுபடியும் கொண்டுவாருங்கள்.