புகைவண்டி நிலையப் பேய்க்கதைகளில் அச்சத்தின் நிலைக்களன்

பேய்க்கதைகளை ஆராயப் புகுவார் பெரும்பாலும் இருதிறத்தர். ஒரு சாரார் பேய் உண்டு என்றற்குச் சான்று தேடுவர். மற்றொரு சாரார் அஃது இன்று என நிறுவி அமைவர். இருவரும் கதையைக் கதையாகக் காண்பதில்லை. அதனைச் சொல்லியவர் யார், அவர் அஞ்சியது எதனை என்னும் வினாக்கள் இருவராலும் விடப்பட்டன. இருப்புப்பாதையைச் சார்ந்து தோன்றிய மூன்று கதைகளை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை ஈண்டு ஆராய்வாம்.

மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்காக வகுத்தார். பேய், பூதம் முதலியவற்றை உரையாசிரியர் அணங்கினுள் அடக்குவர். பேயும் தலைவனும் ஒரே நூற்பாவில் ஒருங்கு எண்ணப்பட்டமை சிந்திக்கத்தக்கது. பேய்க்கதை என்று பெயர் பெற்றதனாலேயே அதன் அச்சம் முழுவதும் அணங்கின்பாற்பட்டது என்று கொள்ளுதல் பொருந்தாது என்பதே எம் கருத்து.

முதலாவது, இங்கிலாந்தின் டார்லிங்டன் நிலையத்துக் கதை. 1825ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஸ்டாக்டன்–டார்லிங்டன் இருப்புப்பாதையில் ஜேம்ஸ் டர்ஹம் என்பவர் பல்லாண்டுகள் இரவுக் காவலராக இருந்தார். நிகழ்ச்சி நடந்து நெடுங்காலம் கழிந்தபின் அவர் கூறியதனைக் கென்டல் என்னும் சமயகுரு எழுதி வாங்கினார்; அதனை டபிள்யூ. டி. ஸ்டெட் 1891இல் வெளியிட்டார். இக்கதை 1842இல் எழுந்த வடக்குச் சாலை நிலையத்தோடு சார்த்தி வழங்கப்படுகின்றது. அந்நிலையம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது.

குளிர்மிக்க நள்ளிரவில் டர்ஹம் உணவருந்தச் சுமைகாரர்களின் நிலவறைக்குள் இறங்குகின்றார். ஆங்கு அடுப்பில் தீ எரிகின்றது. அடுத்துள்ள நிலக்கரி அறை வழியே அயலான் ஒருவன் கரிய வேட்டைநாயுடன் வருகின்றான், அவரை அடிக்கின்றான். அவர் திருப்பி அடித்த கை அவ்வுருவினூடே சென்று கல்லில் மோத, விரல்முட்டிகள் தோலுரிகின்றன. அயலான் கீச்சென ஒலியெழுப்பித் தீயிற் சாய, நாய் அவர் கெண்டைக்காலைக் கவ்வுகின்றது. அவன் நாவால் ஒலிசெய்து நாயை அழைத்துக்கொண்டு மீண்டும் நிலக்கரி அறைக்குட் செல்கின்றான். விளக்கேந்திப் பின்தொடர்ந்தவர் கண்டது வெறும் அறையே. அதற்கு வேறு வாயிலும் இல்லை.

இக்கதையில் அணங்கும் விலங்கும் வெளிப்படையாக உள. கள்வர் குறிப்பாக உளர். அயலான் எவன் வரினும் எதிர்த்தல் இரவுக் காவலன் தொழிலாதலின், அவர் கையோங்கியது பேயை நோக்கி அன்று. அத்துமீறி நுழைந்த மனிதனை நோக்கியேயாம். நான்காவதாகிய தம் இறையும் வாராமல் இல்லை. இருப்புப்பாதையின் தந்தை எனப் போற்றப்பெற்ற எட்வர்டு பீஸ் முதலானோர் இச்செய்தியை அவரிடம் வினவினர். உறக்கமோ, குடியோ, மனக்கலக்கமோ இதற்குக் காரணம் அன்று என்பதனை டர்ஹம் வற்புறுத்துகின்றார். தாம் மது அருந்தாதவர் என்றும் கூறுகின்றார். காவற்பணியில் உறங்கியவன், குடித்தவன் என்னும் பழிக்கு ஆளாகாமல் காத்துக்கொள்ளும் தொழிலாளியின் குரல் இது. கதையின் நம்பகத்தன்மைக்கு உரிய சான்றுகளாகப் பிறர் எடுத்துக்காட்டிய இக்கூற்றுகளையே யாம் அச்சத்தின் சான்றுகளாகக் கொள்கின்றோம்.

இரண்டாவது, சார்லஸ் டிக்கன்ஸ் 1866இல் வெளியிட்ட ‘கைகாட்டிக் காவலன்’ என்னும் சிறுகதை. அதற்கு முந்திய ஆண்டு, ஜூன் 9ஆம் நாள், ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் பத்துப் பேர் மாண்ட புகைவண்டி விபத்தில் ஆசிரியர் தாமே சிக்கி உயிர் தப்பினார். கதையில் வரும் காவலன் சுரங்க வழியின் வாயிலில் தனித்திருப்பவன். இருமுறை உருவம் தோன்றியபின் இருமுறை சாவு நிகழ்ந்தது. இப்பொழுது அது மூன்றாம் முறை தோன்றுகின்றது. அவனை வாட்டுவது உருவம் மட்டும் அன்று. இடர் வருகின்றது எனத் தந்தி கொடுத்தால், ‘என்ன இடர், எங்கே?’ என மேலிடம் வினவும். விடை கூற இயலாது. பித்தன் என்று பணியினின்று நீக்குவர். எச்சரித்தல் தன் கடமை. எச்சரித்தற்கு உரிய சொல் தன்னிடம் இல்லை. டர்ஹமின் வாக்குமூலத்தில் ஓரத்தில் நின்ற தம் இறை அச்சத்தை டிக்கன்ஸ் கதையின் நடுவே கொணர்ந்து நிறுத்தினார். அதனாலேயே அக்கதை பேயை நம்பாதார்க்கும் நடுக்கம் தருகின்றது.

மூன்றாவது, மேற்கு வங்காளத்துப் புரூலியா மாவட்டத்துப் பேகுன்கோடர் நிலையம். 1960இல் திறக்கப்பெற்ற அந்நிலையம் 1967இல் கைவிடப்பட்டது. வெண்சேலை உடுத்த பெண்ணுருவைக் கண்டதாக ஊழியர் ஒருவர் கூறினார் என்பர். பின்னர் அவர் இறந்துபோக, அச்சாவும் அவ்வுருவின்மேல் ஏற்றப்பட்டது. ஊழியர் ஆங்குப் பணிபுரிய மறுத்தனர். வண்டிகள் நில்லாது சென்றன. ஊரார் முயற்சியால் 2009இல்தான் நிலையம் மீண்டும் திறக்கப்பெற்றது.

முன்னைய இரண்டிற்கும் இதற்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. டர்ஹம் தன்மையிற் பேசினார். டிக்கன்ஸின் காவலனும் தன் அச்சத்தைக் கதைசொல்லியிடம் தானே உரைத்தான். பேகுன்கோடர்க் கதையோ படர்க்கையிலேயே வழங்குகின்றது. முதலிற் கண்டவரின் குரல் அதில் இல்லை. அதனால் அவர் அஞ்சியது எதனை என்று அறியக் கதை இடந்தரவில்லை. எஞ்சியது வெண்சேலை ஒன்றே.

தொலைவான இடத்தில் பணிபுரிய விரும்பாத ஊழியர் கட்டிய கதை இது என நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பாசுதேவ் ஆச்சார்யா கருதினார். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே எனினும் முழுமையுடையது அன்று. பணியிடத்தை வெறுத்தவர் அவ்வெறுப்பை மேலிடத்திற்கு நேரே சொல்லாமல் பேயின் வாயிலாகச் சொல்லியது ஏன் என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா. ‘இங்கே தனித்திருக்க அஞ்சுகின்றேன்’ என்பது மேலிடத்தில் ஏறாத சொல். ‘இங்கே பேய் உளது’ என்பதோ ஏறிய சொல். கட்டுக்கதை என்றே கொள்ளினும், அதனடியில் தம் இறையைப் பற்றிய அச்சம் இருத்தல் கூடும்.

செய்யுட்கு உரிய மெய்ப்பாட்டினை வேற்றுநாட்டு வாக்குமூலத்திற்கும் ஊர்வழக்கிற்கும் பொருத்துதல் முறையோ எனின், கூறுதும். யாம் கடன் கொண்டது அச்சம் பிறக்கும் இடங்களைப் பகுத்துக் காணும் நோக்கினையே. நூற்பாவின் ஆட்சியை அன்று. அணங்கு ஒன்றனையே கண்டு நின்றிருப்பின், டர்ஹம் தம் நற்பெயரைக் காக்க முயன்றதும், காவலன் சொல்லின்றித் தவித்ததும் எமக்குப் புலனாகியிரா.

இவ்வாராய்ச்சியைச் சொல்லாராய்ச்சி மட்டுமாக எண்ணுதல் தவறு. பேகுன்கோடர் ஊரார் நாற்பத்திரண்டு ஆண்டுகள் தம் ஊரில் வண்டி ஏற இயலாது போயினர். கதையைச் சுவைப்பார் அவ்வூராரை மறந்தனர். கதையைப் பொய் என்று ஒதுக்குவார் இரவில் தனித்திருந்த ஊழியரை மறந்தனர். சொல்லியவரையும் அச்சொல்லால் இழந்தவரையும் ஒருங்கு காணும்பொழுதே பேய்க்கதைத் திறனாய்வு தன் கடனை ஆற்றியதாகும்.