கழற்றச் சொன்னது யார்?

பர்மாவுக்குப் போகிறவர்களுக்கென்று அச்சாகும் பயணக் கையேடுகளில் ஓர் அத்தியாயம் தவறாமல் இருக்கும். செய்யத் தக்கவை, தகாதவை என்று. பகோடாவின் முதல் படியிலேயே செருப்பைக் கழற்று, காலுறையையும் கழற்று. புத்தர் சிலையை நோக்கிக் காலை நீட்டாதே. யார் தலையையும், குழந்தையின் தலையானாலும், தொடாதே. பிக்குவைப் பெண்கள் தீண்டக் கூடாது. மாண்டலேயில் மகாமுனி சிலைக்குத் தங்கத்தாள் ஒட்ட ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. இவற்றில் எதுவும் பொய்யில்லை. போகிறவர்கள் படித்துவிட்டுப் போவது நல்லதுதான். ஆனால் இந்த அத்தியாயத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால் முதலில் உறுத்துவது அதன் இலக்கணம். கழற்ற வேண்டும், தொடக் கூடாது, நீட்டக் கூடாது. எல்லாமே விதித்தவன் பெயரில்லாத வாக்கியங்கள். சொல்வது யார், எப்போதிலிருந்து, யாருக்கு? 'அவங்க பண்பாடு அப்படி' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பண்பாடு என்ற சொல் இங்கே விளக்கமாக வரவில்லை, வாயடைப்பாக வருகிறது.

இவ்வகை எழுத்துக்கு அடியில் ஓர் அனுமானம் கிடக்கிறது. அந்நிய நாட்டில் ஒருவன் செய்யும் மரியாதைத் தவறு அறியாமையின் விளைவு. சொல்லிக்கொடுத்தால் திருந்திவிடுவான் என்பது அது. இந்த அனுமானத்தைப் பர்மாவின் செருப்பை வைத்தே சோதித்துப் பார்க்கலாம். ஒரு ஜோடிச் செருப்பு இவ்வளவு அரசியல் செய்த நாடு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மாண்டலே அரண்மனையில் மன்னரைக் காணப் போகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். கால் மன்னர் பக்கம் நீளாதபடி மடக்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் தூதர்கள் முணுமுணுத்துக்கொண்டே இதைச் செய்துவந்தார்கள். 1875இல் கரென்னி விவகாரம் பேசப்போன டக்ளஸ் ஃபோர்சித்தும் அப்படித்தான் மிண்டோன் மன்னர் முன் உட்கார்ந்தார். திரும்பி வந்து புகார் சொன்னார். இனிமேல் எங்கள் பிரதிநிதி செருப்பைக் கழற்ற மாட்டார் என்று இந்திய அரசாங்கம் முடிவெடுத்தது. மிண்டோனும் இறங்கி வரவில்லை. விளைவு, மாண்டலேயிலேயே குடியிருந்த ரெசிடெண்ட் மன்னரை நேரில் பார்க்க முடியாமல் போயிற்று. வரலாற்று நூல்கள் இதற்குச் 'செருப்புப் பிரச்சினை' என்றே பெயர் வைத்திருக்கின்றன. 1879இல் ரெசிடெண்ட் வெளியேறினார். 1885 நவம்பரில் படை வந்தது. சென்னை ராணுவத்தின் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். 1886 ஜனவரி 1ஆம் தேதி மேல்பர்மா பிரிட்டிஷ் உடைமையாக அறிவிக்கப்பட்டது.

செருப்பினால்தான் போர் மூண்டது என்று சொல்ல வரவில்லை. தேக்கு மரமும் ரங்கூன் வணிகர்களின் நெருக்குதலும் பிரெஞ்சுக்காரன் முந்திவிடுவான் என்ற பயமும்தான் காரணங்கள். ஆனால் பேசித் தீர்ப்பதற்கு இருந்த வாசலில் பத்து வருஷமாகக் குறுக்கே கிடந்தது அந்தச் செருப்பு. தோற்ற தீபோ மன்னரை முதலில் சென்னைக்குக் கொண்டுவந்து, பிறகு ரத்னகிரியில் வைத்தார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். அவருடைய அரண்மனைக்குள் வெள்ளை அதிகாரிகளின் 'மேல்பர்மா கிளப்' நடந்தது. அங்கே செருப்பைக் கழற்றும்படி அவர்களை யார் கேட்டிருக்க முடியும்?

கழற்றுவதன் பொருள் இவர்களுக்குத் தெரியாது என்று யாராவது வாதாடினால், இந்தியாவைப் பார்க்கச் சொல்லலாம். இங்கே கம்பெனி அதிகாரியின் அறைக்குள் நம்மாட்கள் போவதென்றால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். 'உங்க ஊர் வழக்கம் அதுதானே' என்பது அவர்கள் நியாயம். 1854இல்தான், ஐரோப்பியப் பாணியில் பூட்ஸ் அணிந்துவரும் கனவான்கள் அரசு நிகழ்ச்சிகளுக்கு அப்படியே வரலாம் என்று சலுகை தரப்பட்டது. நாட்டுச் செருப்பென்றால் பழைய விதிதான். காலனியமும் உடையும் குறித்த தம் கட்டுரையில் பெர்னார்ட் கோன் இதையெல்லாம் விரிவாக எடுத்து வைத்திருக்கிறார். கல்கத்தாவில் கழற்றச் சொன்னதும் மாண்டலேயில் கழற்ற மறுத்ததும் ஒரே அரசாங்கம்தான். இரண்டு இடத்திலும் அதற்கு மரபு அத்துபடி. கற்றுக்கொடுக்கக் கையேடு தேவைப்படவில்லை.

எர்விங் காஃப்மன் 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில் மரியாதை விதிகளை இரண்டாகப் பார்க்கிறார். ஒருவருக்கொருவர் ஒரேபோலக் கடைப்பிடிப்பவை ஒரு வகை. ஒருவர் செலுத்த மற்றவர் பெற்றுக்கொள்ள மட்டுமே உள்ளவை இன்னொரு வகை. அவரிடம் அரசியல் போதாது என்று நம் தோழர்கள் அவரைப் படிப்பதில்லை. போதாதுதான், மருத்துவமனை வார்டுக்குள் நின்றுகொண்டு பேசுகிறார். இருந்தாலும் இந்தச் சின்னப் பாகுபாடு பயணக் கையேடுகளை ஒரே நொடியில் அம்பலப்படுத்திவிடுகிறது. எந்த விதி இந்த இரண்டில் எந்த வகை என்று அவை சொல்வதே இல்லை. கோயில் வாசலில் எல்லோரும் கழற்றுவதும், ஒருவன் வாசலில் இன்னொருவன் மட்டும் கழற்றுவதும் அங்கே ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகள்.

மன்னர் போனார், பகோடா இருந்தது. ஷ்வேடகோன் குன்று 1852 போரில் பிடிபட்டு, அதன் ஒரு பகுதி 1929 வரைக்கும் ராணுவத்தின் கையில் கிடந்தது. பர்மியர்கள் வெறுங்காலோடு ஏறிய படிகளில் ஐரோப்பியர்கள் பூட்ஸோடு ஏறினார்கள். சில பகோடாக்களில் செருப்புக்குத் தடை போட்ட பலகையிலேயே ஆங்கிலேயருக்கு விலக்கும் எழுதியிருந்தது. அறுபது எழுபது வருஷம் ஒரு நாட்டில் குடியிருந்தவனுக்கு இது தெரியாமல் நடந்த பிழையா? 1906இல் தொடங்கப்பட்ட இளைஞர் பௌத்த சங்கம், மனுக்களும் தீர்மானங்களுமாகக் கொஞ்சம் சாதுவாகவே இருந்துவந்த அமைப்பு, 1916 வாக்கில் இந்தச் செருப்பைக் கையில் எடுத்தது. படித்த வழக்கறிஞர்கள் பேசிக்கொண்டிருந்த விஷயம் கிராமத்துக்குப் போனது அப்போதுதான். அரசியல் சட்டச் சீர்திருத்தம் என்றால் எவனுக்குப் புரியும்? செருப்பு என்றால் எல்லோருக்கும் புரியும். பெரிய மதிப்புப் பெற்ற பிக்குவான லெடி சயாடோ, பகோடா மேடையில் செருப்பணிவது தகாது என்று 1919இல் தனி நூலே எழுதினார். அதே வருஷம் அக்டோபரில் மாண்டலேயின் எய்ந்தோயா பகோடாவுக்குள் செருப்போடு வந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் தாக்கினார்கள். நான்கு பேர் தண்டிக்கப்பட்டார்கள். தலைமை தாங்கிய ஊ கேத்தயாவுக்கு ஆயுள் தண்டனை. அதற்குப் பிறகுதான், வளாகத்துக்குள் எப்படி வரவேண்டும் என்பதை அந்தந்தப் பகோடாவின் பொறுப்பாளர்களே முடிவுசெய்யலாம் என்று அரசாங்கம் இறங்கியது. ஐரோப்பியர் பலர் கழற்றுவதைவிடப் போகாமலிருப்பதே மேல் என்று நின்றுகொண்டார்கள்.

கையேட்டின் முதல் வரியாக இன்று அச்சாகிற 'செருப்பைக் கழற்று' என்பது எல்லோருக்குமான விதியாக ஆனது இப்படித்தான். அது காலங்காலமாகச் சும்மா கிடந்த வழக்கமல்ல. தங்களுக்கு மட்டும் விலக்கு என்று நின்றவர்களிடமிருந்து, சிறைக்குப் போய்ப் பிடுங்கியது. கையேடு அந்தப் போராட்டத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் 'பண்பாடு' என்று பரிமாறுகிறது. 2012 நவம்பரில் ஒபாமா வெறுங்காலோடு ஷ்வேடகோனைச் சுற்றிவந்த படம் உலகம் முழுக்கப் போயிற்று. கழற்றியது சரிதான். நான் பார்த்த படக்குறிப்புகளில் 'மரியாதை' இருந்தது, 1919 இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதி. காலனியவாதி கெட்டவன், காயப்பட்ட மண்ணின் பண்பாடு நல்லது. ஆனால் செருப்பு வென்ற பிறகு என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 2015 மார்ச்சில், காதில் ஒலிக்கருவி மாட்டிய புத்தர் படத்தை ஒரு மதுவிடுதியின் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக ஒரு நியூசிலாந்துக்காரருக்கும் இரண்டு பர்மியர்களுக்கும் தலா இரண்டரை ஆண்டுக் கடுங்காவல் விதித்தது யாங்கோன் நீதிமன்றம். 2016இல் மாண்டலேயில் இரவில் ஒலிபெருக்கியில் ஓடிய பௌத்தப் பாராயணத்தின் மின்இணைப்பைப் பிடுங்கிய டச்சுப் பயணி ஒருவருக்கு மூன்று மாதம். 'வெளிநாட்டில் செய்யக் கூடாத தவறுகள்' என்று எழுதுகிறவர்களுக்கு இவை நல்ல தீனி. அவர்கள் பட்டியலில் வராத வழக்கு ஒன்று உண்டு. எழுத்தாளர் டின் லின் ஊ அந்நியரல்ல, பர்மியர். சூகியின் கட்சியில் பொறுப்பிலிருந்தவர். பௌத்தத்தை இனவெறிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று மேடையில் பேசினார். 2015 ஜூனில் அவருக்கு இரண்டாண்டுக் கடுங்காவல். குற்றம், மத உணர்வைப் புண்படுத்தியது. சட்டப்பிரிவு 295ஏ. நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த எண் பழக்கமானதுதான். பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தபோது, 1927இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. பூட்ஸோடு பகோடா ஏறியவர்களின் அரசாங்கம் எழுதிவைத்துப் போன எழுத்து, மண்ணின் மனம் புண்பட்டதாகச் சொல்லி அந்த மண்ணின் எழுத்தாளனையே உள்ளே தள்ளுகிறது. புண்பட்டது யார் என்று முடிவுசெய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் கேட்காமல் 'அவர்கள் உணர்வுகளை மதியுங்கள்' என்று எப்படிச் சொல்ல முடியும்? மகாமுனிக்குத் தங்கத்தாள் ஒட்ட முடியாத பெண், கையேட்டில் எப்போதும் வெளிநாட்டுப் பயணி. பர்மியப் பெண்ணைப் பற்றி அங்கே வரியில்லை.

இன்னொன்று. இந்தக் கையேடுகள் யாரை விளிக்கின்றன? திரும்பிப் போகும் டிக்கெட் கையில் இருப்பவனை. ரங்கூன் துறைமுகத்துக்கும் அரிசி ஆலைகளுக்கும் கப்பல் கப்பலாகப் போன தமிழ், தெலுங்குக் கூலிகளுக்கு யாரும் பட்டியல் தரவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது 'கலா' என்ற பெயரும் 1930இல் வெட்டுக்குத்தும். 1942இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் அசாமுக்கும் மணிப்பூருக்கும் நடந்தே வந்தார்கள். அதே பர்மாவில்தான், 1930களின் முடிவில், கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்களின் கைக்குப் போயிருந்தது. பகோடா வாசலில் அவர்கள் செருப்பை ஒழுங்காகக் கழற்றியிருப்பார்கள். காலை நீட்டியிருக்க மாட்டார்கள், யார் தலையையும் தொட்டிருக்க மாட்டார்கள். எந்தக் கையேட்டை வைத்துப் பார்த்தாலும் அப்பழுக்கற்ற விருந்தாளிகள். கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்த பர்மிய விவசாயிக்கு அந்த மரியாதையால் ஒரு காணி நிலம் மிஞ்சியதா?

'உள்ளூர் வழக்கத்தை மதி' என்பதை மறுக்க முடியாத நெறியாக ஏற்றுக்கொள்கிறவர்கள் அதைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டுவரத் தயாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இங்கேயும் செருப்புக்கு வழக்கம் உண்டு. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர் என்று ஓர் ஊர். அங்கே ஆதிக்க சாதித் தெரு ஒன்றில் தலித்துகள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. நடந்தால் மூன்று மாதத்தில் சாவு வரும், தெருவுக்கடியில் பொம்மை புதைத்திருக்கிறது என்று மிரட்டி வைத்திருந்ததாக அந்த மக்கள் சொன்னதைப் பத்திரிகைகள் எழுதின. மகாமுனிக்குக் கதையிருப்பதுபோல இதற்கும் ஒரு கதை, ஒரு பயம், தலைமுறைகளின் பழக்கம். பண்பாடு என்பதற்கு வேறென்ன வேண்டும்? அந்தத் தெருவில் ஒரு வெள்ளைக்காரப் பயணி பூட்ஸோடு நடந்து போனால் அவனை நிறுத்திக் கேட்டிருப்பார்களா என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 24 அன்று சுமார் 60 தலித்துகள், தீண்டாமை ஒழிப்பு முன்னணியினரோடு சேர்ந்து, காலில் செருப்போடு அந்தத் தெரு முழுக்க நடந்தார்கள்.