நடுவில் புகுந்த பாட்டு

1830 அக்டோபர் 11 அன்று வார்சாவில் ஷோப்பன் தன் ஈ மைனர் பியானோ கான்செர்ட்டோவின் முதல் பகுதியை வாசித்து முடித்ததும், ஒரு பாடகி மேடையேறி வேறொருவர் இயற்றிய பாட்டைப் பாடினார். அதன் பிறகே மீதி இரண்டு பகுதிகள். அந்தக் காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை. 1824 மே 7 அன்று வியன்னாவில் ஒன்பதாம் சிம்பொனி அரங்கேறியபோது, பேத்தோவனே தன் மிஸ்ஸா சொலெம்னிஸ் என்ற திருப்பலி இசையிலிருந்து மூன்று பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து அதே மேடையில் பாடவைத்தார். 1820களின் பாரிஸ் இன்னும் துணிச்சலானது: பேத்தோவனின் இரண்டாம் சிம்பொனியின் மெதுவான பகுதியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஏழாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியை வைத்தார்கள்.

இதையெல்லாம் ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் 1813 டிசம்பர் 8 அன்று ஏழாம் சிம்பொனி முதன்முதலில் வாசிக்கப்பட்டபோது கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டது ஆர்ப்பாட்டமான இறுதிப் பகுதியை அல்ல. ஒரே தாளக்கட்டை விடாமல் பற்றிக்கொண்டு கனத்து நகரும் அந்த இரண்டாம் பகுதியைத்தான். கவனிக்காத கூட்டம் இதைக் கேட்காது. இசைத்தட்டு இல்லாத காலம் அது. ஒரு சிம்பொனியை மறுபடி கேட்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்றால், பாதியில் நிறுத்தி மீண்டும் வாசிக்கச் சொல்வது நியாயமான ஆசையே. நியாயப்படுத்த முடியாதது, பல படைப்புகளை ஒரே நிகழ்ச்சியில் கலந்து அடுக்கும் நிரலின் பேராசை. 1808 டிசம்பர் 22 அன்று பேத்தோவன் ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகளோடு நான்காம் பியானோ கான்செர்ட்டோ, கோரல் ஃபேண்டசி, திருப்பலி இசைத் துண்டுகள் என்று நான்கு மணி நேரத்துக்கு நிரப்பினார். ஒத்திகை போதவில்லை, கோரல் ஃபேண்டசி நடுவில் குலைந்து, நிறுத்தித் திரும்ப வாசிக்கவேண்டியதாயிற்று.

துண்டாடுவதால் எல்லாப் படைப்புக்கும் ஒரே அளவு சேதம் இல்லை. ஷோப்பனின் முதல் பகுதி தனக்குள் முடிந்துவிடுகிறது. பாட்டு குறுக்கிட்டாலும் பெரிதாக எதுவும் கெடாது. ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியோ முந்தைய மூன்றையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி விலக்குகிறது. இடையில் வேறு இசை புகுந்தால் அந்த நினைவூட்டலுக்குப் பிடிமானமே இருக்காது. பகுதிகளை இடைவெளியின்றி இணைக்கும் முறை வலுப்பெற்றதற்கு, பகுதிகளுக்கு நடுவே குறுக்கிடும் இந்த வழக்கமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. நாடகத் தேவைக்காக இணைத்தார்கள், ஹைடன் 1772-லேயே செய்தார் என்று மறுக்கலாம். ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதி இருளிலிருந்து நான்காவதற்குள் வெடிப்பதற்கு அந்த விளக்கமே போதும். மெண்டல்ஸனுக்குப் போதாது. 1842-இல் முடித்த ஸ்காட்டிஷ் சிம்பொனியில், பகுதிகளுக்கு நடுவே வழக்கமான நீண்ட இடைவெளிகள் வேண்டாம் என்று அவர் எழுதியே வைத்தார். 1845-இல் அரங்கேறிய வயலின் கான்செர்ட்டோவில், முதல் பகுதி முடிந்தும் பசூன் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்து, கைதட்டுபவருக்கு இடம் தராமல் அடுத்த பகுதிக்குள் இழுத்துச் செல்கிறது. நாடகம் அதில் உண்டுதான். ஆனால் அரங்கின் பழக்கத்தை நன்கு அறிந்த ஒருவர் போட்ட தடையாகவும் அதைக் கேட்கவேண்டும்.