யானைமேல் துஞ்சிய இளவரசன்

2013இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கணினி ஆட்டத்துக்குள் நுழைந்த இந்தியப் படை ஒன்றே ஒன்றுதான். டெல்லிக்காரனுக்கும் தஞ்சாவூர்க்காரனுக்கும் அதே ஒட்டகப்படை. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற விரிவாக்கம் வந்தபிறகே அந்தக் கூட்டு உடைந்தது. இந்துஸ்தானிகள், வங்காளிகள், கூர்ஜரர்கள் ஆகியோரோடு திராவிடர்களுக்கும் தனிப்படை அமைந்தது. ராஜேந்திர சோழனின் படையெடுப்பையும் ஆடிப்பார்க்க முடிந்தது.

திராவிடர் படையில் ரசிக்கவேண்டியது, அதில் இல்லாததைத்தான். ஐரோப்பியப் படைகளின் முதுகெலும்பான கவச வீரர் குதிரைப்படை இவர்களுக்குக் கிடையாது. இருக்கும் குதிரைகளும் சோனி. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் குதிரைகள் கப்பலில் வந்திறங்குவதையும், பேணத் தெரியாமல் அவை மடிவதையும் மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பஞ்சத்தை ஆடுபவர் தன் கையிருப்பில் உணர்கிறார். யானையையும் காலாட்படையையும் நம்பித்தான் அவர் திட்டம் போட்டாக வேண்டும். வரலாற்றுப் பாடம் இதைவிட நன்றாக மண்டையில் ஏறாது.

இன்னொரு நுட்பம் அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் எதிரியின் ஆட்டை நைசாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். குப்பம், பலமனேர், புங்கனூர்ப் பக்கம் நிற்கும் நடுகற்களைப் பார்த்தவருக்கு இது வெறும் குறும்பாகத் தெரியாது. சித்தூர்ச் சீமையின் அந்தக் கற்களில் பல, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் விழுந்தவர்களுக்கு எழுப்பப்பட்டவை. அவற்றைப் பாடும் வெட்சித் திணையும் கரந்தைத் திணையும் இங்கே ஏட்டோடு நின்றுவிடவில்லை.

ஆனால் அரசன் விஷயத்தில் ஆட்டம் சறுக்குகிறது. 'ரெஜிசைட்' முறையில் அரசன் விழுந்தால் தோல்வி. அதனால் ஆடுபவர்கள் எடுத்த எடுப்பில் அவரைக் கோட்டைக்குள் ஒளித்துவைக்கிறார்கள். 949இல் அரக்கோணத்துக்கு அருகே தக்கோலத்தில் சோழருக்கும் ராஷ்டிரகூடருக்கும் மூண்ட போரில் நடந்தது இதற்கு நேர் எதிர். சோழ மன்னன் பராந்தகனின் மகன், பட்டத்து இளவரசன் ராஜாதித்தன், எல்லார் கண்ணிலும் படும்படி யானைமேல் இருந்தான். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் அம்பு நெஞ்சில் பாய்ந்து மாண்டதாகச் சோழர் செப்பேடு சொல்கிறது. கங்க மன்னன் பூதுகன் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றதாக ஆதகூர்க் கல்வெட்டு சொல்கிறது. எது உண்மையானாலும் மரணம் யானைமேல்தான். தொண்டை மண்டலம் சோழர் கைவிட்டுப் போயிற்று.

இதை ஆட்டத்தில் கொண்டுவருவது பெரிய வித்தை அல்ல. காட்சி அமைக்கும் எடிட்டரிலேயே அதற்கு வசதி இருக்கிறது. இளவரசன் யானைமேல் முன்வரிசையில் இருக்கும்வரை சுற்றியுள்ள வீரர்களின் தாக்கும் வலிமை கூட வேண்டும்; அவன் சாய்ந்த நொடியில் எல்லாருடைய வலிமையும் பாதியாக வேண்டும். முன்னே நிறுத்தினால் வெற்றி அருகில், ஆபத்தும் அருகில். அன்றைய தளபதிகள் திணறிய அதே இடத்தில் ஆடுபவரும் திணறுவார். யானையின் உயிர்ப்புள்ளியைக் கூட்டுவதைவிட இந்த ஒரு மாற்றம் எவ்வளவோ மேல்.

வரைபடத்தையும் தக்கோலத்தோடு முடிக்கக்கூடாது. வடக்கே, காளத்திக்கு அருகே தொண்டமநாட்டில், ராஜாதித்தனின் பாட்டன் முதலாம் ஆதித்தனுக்குப் பராந்தகன் எழுப்பிய பள்ளிப்படை இருக்கிறது. சோழர் இழந்த நிலத்தில் முன்னோர் நினைவிடமும் அடங்கும் என்பது ஆடுபவருக்குத் தெரிய வேண்டும். மேற்கே, சித்தூர் வழியே ஓடிவரும் பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி. போர் முடிந்து பத்து ஆண்டுகள் கழித்து, 959இல், கிருஷ்ணன் அங்கே பாசறை போட்டுத் தென்னாட்டு நிலங்களைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்ததாகக் கர்ஹாட் செப்பேடு காட்டுகிறது. எதிரி வீழ்ந்ததும் வெற்றி என்று அறிவிக்கும் ஆட்டத்தில் இந்தப் பத்தாண்டுக்கு இடமில்லை. பிடித்த ஊரை யாருக்குக் கொடுப்பது, படைக்கு எங்கிருந்து நெல் வரும், கப்பம் கட்டாதவனை என்ன செய்வது என்று கேட்கும் இரண்டாம் பாகம் ஒன்று மேல்பாடியில் தொடங்கட்டும். அதே ஊரில் பின்னாளில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை கட்டினான். சோழர் பக்கம் ஆடுபவருக்கு அந்த ஊரை மீட்பதையே இலக்காக வைக்கலாம்.